பலகைத் தரையில் இடுக்கு அடைக்கும் வேலை: கைக்கருவிகளோடு, காயமில்லாமல்

பிப்ரவரியில் குன்னூரில் பலகைத் தரை போட்ட பழைய வீட்டுக்குள் விடியற்காலையில் வெறுங்காலோடு நடந்தால், பாதத்துக்கு அடியில் கோடு கோடாகக் குளிர் தெரியும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விழுந்த இடுக்கு வழியாகத் தரைக்குக் கீழே இருக்கிற காற்று மேலே வருகிறது. தோடு விழும், பேனா மூடி விழும், பிள்ளைகள் வேண்டுமென்றே பல்குச்சியைச் செருகிப் பார்ப்பார்கள்.

நான் முதல் முறை இதை அடைத்தது ஒரு மார்ச் மாதம். மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்து, ஒரு அறை முழுக்க இழுத்துப் பூசி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தேய்த்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்டோபர் மழை பிடித்த மூன்றாவது வாரம் பலகைகளின் ஓரம் எழும்பி, தரை முழுக்க ஓடு மல்லாத்திய மாதிரி ஆனது. அறைக் கதவு பாதியில் முட்டி நின்றது. பார்க்க வந்த ஆசாரி குனிந்து ஒரு ஓரத்தைத் தடவிவிட்டுக் கேட்டார்: “இடுக்க அடைச்சீங்க, சரி. மழைக்கு ஊதுற மரம் எங்க போகும் தம்பி?”

அதனால் கருவிப் பையைத் தொடுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் வீட்டு இடுக்கு வெயிலுக்கு விரிந்து மழைக்கு மூடுகிறதா, வருஷம் முழுக்க அப்படியே நிற்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இடுக்கை அளந்து பாருங்கள்

மரம் ஈரத்தை உறிஞ்சும், விடும். நீளவாக்கில் அசைவு அநேகமாக இல்லை. அகலவாக்கில்தான் ஊதுவதும் சுருங்குவதும். 150 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் குறைந்தால் அகலம் 1 மி.மீ.-க்குச் சற்று மேலேயே குறையும். இது மரத்தின் ஆண்டு வளையங்கள் படுத்தாற்போல் அறுத்த பலகைக்கு உள்ள கணக்கு. பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் படகு போல் வளைந்து படுத்திருந்தால் அது இந்த வகை. கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றால் அசைவு ஏறக்குறைய பாதிதான். மூன்று மீட்டர் அகல அறையில் இப்படி 20 பலகை இருந்தால் எல்லாம் சேர்ந்து 2 செ.மீ.-க்கு மேல் சுருங்கும். அந்த 2 செ.மீ.-தான் இருபது இடுக்காகப் பிரிந்து உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

அளப்பதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். காலாவதியான ஏ.டி.எம். அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. அறையில் ஆறு இடங்களில் பென்சிலால் குறி வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை அட்டை நுழைகிறது என்று எழுதி வையுங்கள். உலர்ந்த பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறை. மழை நன்றாகப் பிடித்த பிறகு ஒருமுறை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனம் என்பதால் அக்டோபர், நவம்பர் பொருத்தம். ஊட்டியில் தென்மேற்கு மழைக்காலமான ஜூலையிலேயே பார்த்துவிடலாம்.

உலர்ந்த மாதத்தில் இரண்டு அட்டை நுழைந்த இடத்தில் மழைக்காலத்தில் ஒன்றுகூட நுழையவில்லை என்றால் அது பருவத்து இடுக்கு. அதைக் கெட்டியான எதையும் வைத்து அடைக்கக் கூடாது. அடைத்தால் என் கதைதான். அதிலும் மோசமானது ஒன்று உண்டு: ஊத இடமில்லாத பலகையின் ஓரம் நசுங்கிவிடும். நசுங்கிய நார் திரும்ப எழாது. அடுத்த வெயிலுக்கு இடுக்கு பழையதைவிடப் பெரிதாகத் திறக்கும்.

மழையிலும் மூன்று, நான்கு அட்டை நுழைந்தால் அது நிலையான இடுக்கு. பச்சை மரத்தைப் போட்டுப் பின்னால் உலர்ந்திருக்கும், அல்லது ஆணி தளர்ந்து பலகை நகர்ந்திருக்கும். இதைத்தான் நம்பி அடைக்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடுக்கு பெரிதாக இருந்து, அங்கே கால் வைத்தால் தரை அமுங்குகிறது என்றால், சிக்கல் பலகையில் இல்லை. கீழே தாங்குகிற சட்டத்தில். மாவு போன்ற தூள் உதிர்கிறதா, குத்தூசியால் குத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்குகிறதா என்று பாருங்கள். உளுத்திருந்தாலோ கரையான் ஏறியிருந்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள். கீழே பலமில்லாத தரையின் மேல் மண்டியிட்டு உளி பிடிப்பது வேண்டாத வேலை.

வேலைக்கு உட்காரும் முன்

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்95 முகக்கவசம், முழங்காலுக்குப் பட்டை, மூடிய செருப்பு. பட்டை கிடைக்காவிட்டால் பழைய யோகா விரிப்பை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். முகக்கவசத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டு வரும்.

தரைக்குப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி சுரண்டவோ உப்புத்தாள் போடவோ கூடாது. லேசாகத் தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் சுரண்டலையும் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். கைக்குழந்தையும் கர்ப்பிணிகளும் வேலை முடியும்வரை அந்த வீட்டிலேயே வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். பழைய பங்களாக்களில் பிற்பாடு ஒயரிங் செய்தவர்கள் சுவரைக் கொத்தச் சோம்பல்பட்டு ஒயரைப் பலகைக்குக் கீழே ஓட்டியிருப்பார்கள். மெயினை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். பலகையின் தடிமன் 22 மி.மீ. என்றால், இடுக்குக்குள் விடும் எந்த இரும்பிலும் நுனியிலிருந்து 20 மி.மீ. அளந்து டேப் ஒட்டிவிடுங்கள். டேப்பைத் தாண்டி இறக்காதீர்கள்.

ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரை மேல் இழுத்துச் செல்லுங்கள். ஆணித் தலை இருக்கும் இடமெல்லாம் அது குனிந்து காட்டும். அங்கெல்லாம் சாக்பீஸ் குறி. இந்த ஐந்து நிமிஷம் மரத்தைச் சீவும் உங்கள் இழைப்புளியின் வாயையும் உங்கள் விரலையும் காப்பாற்றும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் தாண்டியிருந்தால் அதையும் முடித்துக்கொள்ளுங்கள். பழைய தரையில் துரு ஆணிக்குப் பஞ்சமில்லை.

கருவிகளைத் தட்டில் பரப்பி ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுத்தியல் தலை காம்பில் ஆடினால் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. காய்ந்ததும் மறுபடி ஆடும், தலை பறக்கும். காம்புக்குப் புது ஆப்பு அடியுங்கள். ஆணியை உள்ளே இறக்கும் ‘பஞ்ச்’ என்கிற இரும்புக் கம்பியின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் குடை மாதிரி விரிந்திருந்தால் ஓரத்தை அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள். அந்த விரிந்த ஓரத்திலிருந்துதான் இரும்புத் துணுக்கு தெறித்துக் கண்ணுக்குப் போகும். உளியைச் சாணை பிடியுங்கள். மொண்ணை உளிதான் கையை வெட்டும், ஏனென்றால் அதை முழு பலத்தோடு தள்ள வேண்டியிருக்கும். அது வழுக்கினால் நிறுத்த முடியாது. கூர்மையைக் கட்டை விரலில் பார்க்காதீர்கள். சாதாரண பேக்கிங் மரத்துண்டின் வெட்டு முனையைச் சீவிப் பாருங்கள். நொறுங்காமல் சுருளாக வந்தால் போதும்.

உளிக்கு ஒரே சட்டம்: இரண்டு கையும் கூருக்குப் பின்னால். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உளியைத் தள்ளுவது என்பது ஆசுபத்திரிக்குப் போகும் குறுக்கு வழி.

இடுக்கைச் சுத்தம் செய்தல்

முக்கால்வாசி வேலை இதுதான், சலிப்பும் இதில்தான். பழைய மெழுகு, மண், முடி, முன்பு யாரோ அடைத்த பட்டி எல்லாம் வெளியே வர வேண்டும். உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றின் நுனியைக் கொக்கி போல் ராவிக்கொள்ளுங்கள். கைப்பிடிப் பக்கம் பழைய சைக்கிள் டியூபை இறுக்கச் சுற்றுங்கள். கொக்கியை உங்கள் பக்கம் இழுத்துச் சுரண்ட வேண்டும். ஆகவே உடம்பை இடுக்குக்கு நேரே வைக்காமல் ஒரு பக்கமாக உட்காருங்கள். இழுத்த வேகத்தில் பிளேடு விடுபட்டால் அது உங்கள் தொடைக்கு வராமல் வெற்றிடத்தில் போகும். இடது கையை இடுக்கின் பாதையில் ஊன்றாதீர்கள். பிசிறடித்த பலகை ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம், சிலாம்பு (மரச் செதில்) நகத்துக்கு அடியில் ஏறும்.

இரும்பையெல்லாம் எடுத்து வைத்த பிறகு மெயினைப் போட்டு, தூளை வாக்குவத்தால் உறிஞ்சுங்கள், அல்லது பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளி அள்ளுங்கள். வாயால் ஊதினால் கண்ணுக்குத்தான் வரும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது.

பருவத்து இடுக்குக்குக் கயிறு

3 மி.மீ.-க்குக் குறைந்த பருவத்து இடுக்கை விட்டுவிடுவது நல்லது. குளிர் பொறுக்கவில்லை என்றால் மேலே ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். அதற்கு மேல் அகலமானால் சணல் கயிறு. கயிறு நசுங்கும், பலகை ஊதும்போது இடம் கொடுக்கும்.

இது புதிய யோசனை இல்லை. மரப் படகின் பலகை இடுக்குகளில் பஞ்சை அடித்து இறுக்கித் தண்ணீர் புகாமல் செய்வதற்குத் தமிழில் ‘கலப்பற்று’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. வீட்டுத் தரைக்கு அவ்வளவு இறுக்கம் தேவையில்லை.

இடுக்கைவிட ஒரு சிறிது தடித்த கயிற்றை வாங்குங்கள். நைலான் வேண்டாம், அது வழுக்கி மேலே வரும். நிறம் எடுப்பாகத் தெரிந்தால் கெட்டியான தேயிலை டிகாக்‌ஷனில் ஒரு இரவு ஊறப்போடுங்கள். எங்கள் ஊரில் தேயிலைத் தூளுக்கா குறைச்சல்? பழைய தேக்கின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாத பழுப்பு வரும். இரண்டு நாள் வெயிலில் நன்றாக உலர வேண்டும். ஈரக் கயிற்றை அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஒரு முனையில் தொடங்கி, பட்டி வைக்கும் மொண்ணைத் தகட்டால் கயிற்றை அழுத்திக்கொண்டே போங்கள். தேவைப்பட்டால் தகட்டின் தலையில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) மெல்லத் தட்டலாம். கயிற்றின் முதுகு தரை மட்டத்துக்கு 2 மி.மீ. கீழே நிற்கட்டும். பசை போடாதீர்கள். முனையை இழுத்துக் கத்தியால் வெட்டும்போது கத்தி உங்களை விட்டு விலகிப் போகும் திசையில் வெட்டுங்கள்.

நிலையான இடுக்குக்கு மரச் சிம்பு

இங்கேதான் கைவேலை தெரியும். இடுக்குக்கு ஏற்ற நீளச் சிம்பை, அதாவது மெல்லிய மரக்குச்சியை, பழைய பலகையிலிருந்து எடுத்து, அடித்து இறக்கி, சீவி விடுவது. அதே சாதி மரமாக, முடிந்தால் அதே வயசு மரமாக இருக்கட்டும். பழைய கதவு, ஜன்னல் விற்கும் கடைகளில் துண்டுத் தேக்கு கிடைக்கும். புதுத் தேக்கு வைத்தால் பல வருஷம் கோடு போட்ட மாதிரி பளிச்சென்று தெரியும்.

சிம்பு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஆப்பு வடிவில் இருக்க வேண்டும். 4 மி.மீ. இடுக்குக்கு மேலே நாலரை, கீழே மூன்றரை. இவ்வளவு மெல்லிய குச்சியைக் கையில் பிடித்து இழைக்கப் போய்த்தான் பலர் விரலைச் சீவிக்கொள்கிறார்கள். ஆசாரி காட்டிய முறை வேறு: சிம்பை அறுத்த பிறகு இழைக்காதீர்கள், இழைத்த பிறகு அறுங்கள். முழுப் பலகையை மேஜையில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அதன் ஓரத்தை இழைப்புளியால் லேசான சரிவாக இழையுங்கள். பிறகு வரைகோல் வைத்து உள்பக்கம் கோடு போட்டு, வாளால் நீளவாக்கில் அறுத்து எடுங்கள். உங்கள் இரண்டு கையும் கடைசிவரை பெரிய பலகையின் பக்கமே இருக்கும். அடுத்த சிம்புக்கு மறுபடி ஓரம் இழை, மறுபடி அறு.

வாள் தொடங்கும் இடத்தில் கட்டை விரலை வழிகாட்டியாக வைக்கும் பழக்கம் உண்டென்றால், விரலைப் பல்லுக்கு நேரே வைக்காமல் தகட்டுக்குப் பக்கவாட்டில், பல்லுக்கு மேலே வையுங்கள். முதல் நாலைந்து இழுப்பு பின்னோக்கி மட்டும். காடி (பள்ளம்) விழுந்த பிறகு முழு வீச்சு.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. பசை பிடிக்க வேண்டுமென்றால் ஒட்டும் பக்கத்தைத் தின்னரால் துடைத்து, காய்ந்த உடனே ஒட்ட வேண்டும். தின்னர் எடுக்கும் நேரத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும், பூஜையறை விளக்கும் கேஸ் அடுப்பும் அணைந்திருக்கட்டும்.

பசையைச் சிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் தடவுங்கள். இரண்டு பக்கமும் தடவினால் இரண்டு பலகையும் ஒன்றாகிவிடும். அடுத்த கோடையில் சுருங்கும்போது பலகையே நடுவில் கீறும். ஒரு பக்கம் ஒட்டி மறு பக்கம் சும்மா உட்கார்ந்தால், விரிவதும் மூடுவதும் அந்தச் சும்மா பக்கத்தில் தலைமுடி அளவுக்கு நடந்துவிட்டுப் போகும்.

சிம்பின் மேல் ஒரு கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சிறிது சிறிதாக. ஒரே இடத்தில் அடித்தால் சிம்பு பிளந்துவிடும். தட்டும் சத்தத்தைக் கேளுங்கள். இறங்கும்போது சத்தம் ‘தொப் தொப்’ என்று இருக்கும். இறுகியதும் ‘டக்’ என்று மாறும். அங்கே நிறுத்துங்கள். இன்னொரு அடி அடித்தால் பக்கத்துப் பலகையைத் தள்ளி அடுத்த இடுக்கை நெருக்கிவிடுவீர்கள். சிம்பு தரைக்கு மேல் ஒரு மி.மீ. நிற்பதுதான் சரி.

ஒரு நாள் காய விடுங்கள். பிறகு குறி வைத்த ஆணிகளைப் பஞ்ச் வைத்து 2 மி.மீ. உள்ளே இறக்குங்கள். உளியின் தட்டை முதுகு தரையில் படிய, நீளவாக்கில், மெல்லிய சீவல்களாக எடுங்கள். சீவல் உள்ளே கிழிந்துகொண்டு இறங்கினால் நார் எதிர்த்திசையில் ஓடுகிறது என்று அர்த்தம். மறு முனையிலிருந்து வாருங்கள். கடைசி காகித அளவை இழைப்புளிக்கும் 120 எண் உப்புத்தாளுக்கும் விடுங்கள்.

பலகையையே நகர்த்துவது

இடுக்கு 8, 10 மி.மீ. என்று போனால் சிம்பு அசிங்கமாக இருக்கும். பலகைகளைக் கழற்றி ஒன்றையொன்று நெருக்கி அடிக்க வேண்டும். ஒரு ஆள் வேலை இல்லை, துணைக்கு ஒருவர் வேண்டும். ஒரு பலகையின் ஓரத்து நாக்கு அடுத்ததன் காடிக்குள் நுழையும்படி பொருத்திய தரையென்றால் சுவரோரப் பலகையிலிருந்து வரிசையாகத்தான் கழற்ற முடியும். நடுவில் ஒன்றை நெம்பினால் நாக்கு உடையும்.

நெம்பும்போது கடப்பாரையின் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். பலகை எழும்பியதும் அந்த இடுக்கில் ஆப்பைத் தள்ளுங்கள். விரலைத் தள்ளாதீர்கள், அரை வினாடிக்குக்கூட. எடுத்த பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைச் சுவரில் சாய்ப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். பின்பக்கத்திலிருந்து குறடால் முழுசாக இழுத்து எடுத்தால் முகப்பு பிசிறாது.

திரும்ப அடுக்கும்போது, கீழ்ச் சட்டத்தில் ஒரு கட்டையைத் திருகாணியால் முடுக்கி, அதற்கும் பலகைக்கும் நடுவில் எதிரெதிராக இரண்டு ஆப்பு வைத்து, இரண்டையும் மாறி மாறித் தட்டினால் பலகை நெருங்கும். இறுகிய ஆப்பு வில்லில் ஏற்றிய அம்பு மாதிரி. அதன் நேரே முகம் வைக்காதீர்கள்; துணை ஆளும் பக்கவாட்டில் நிற்கட்டும். சுவரோரம் 10 மி.மீ. விட்டுவிடுங்கள், ஓரப்பட்டி அதை மறைத்துவிடும்.

இந்த வேலைக்கு மரம் முழுசாக உலர்ந்த மார்ச்சும் வேண்டாம், ஊறிய நவம்பரும் வேண்டாம். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ செய்தால் நடுத்தரமாக இருக்கும்.

அடுக்குமாடி லேமினேட்டுக்கு

சென்னை, கோவைக் குடியிருப்புகளில் பலகைத் தரை என்பது பெரும்பாலும் லேமினேட், அதாவது அழுத்திய மரத்தூள் அட்டையின் மேல் மரம் போல அச்சிட்ட பலகை. அது தரையோடு ஆணி அடிக்காமல் மிதக்கிறது. மேலே சொன்ன உளி, சிம்பு எதுவும் அதற்கு ஆகாது. ஆணி அடித்தால் மொத்தமும் பாழ். அங்கே இடுக்கு விழுவது பெரும்பாலும் பலகைகளின் குறுக்கு முனையில். ஒரு பக்கத்தில் கனமான பீரோ அமுக்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை நகர்த்தாமல் அடைத்தால் மறுபடி திறக்கும். கண்ணாடி வேலைக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் உறிஞ்சு கப்பைப் பலகையில் ஒட்டி, அதன் கைப்பிடியை ரப்பர் சுத்தியால் நீளவாக்கில் மெல்லத் தட்டினால் பலகை நகரும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்து கப் பிடிக்காவிட்டால், இருபக்க டேப்பால் ஒரு கட்டையை ஒட்டி அதைத் தட்டுங்கள். சுவரோரக் கடைசிப் பலகைக்கு இரண்டு பக்கமும் மடித்த இரும்புப் பட்டை உண்டு. ஒரு மடிப்பைப் பலகை விளிம்பில் மாட்டி மறு மடிப்பில் அடிக்க வேண்டும். அடிக்கும் கை இருக்கட்டும், பிடிக்கும் கையைப் பட்டையின் நடுவில் வையுங்கள். சுவரோரம் விட்டிருக்கும் 8, 10 மி.மீ. இடைவெளியை மட்டும் ஒருநாளும் அடைக்காதீர்கள்.

எண்ணெயும் துணியும்

மரத் தரைக்குக் கடைசியில் ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பது வழக்கம். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது காயும்போது உண்டாகும் சூடு உள்ளேயே தேங்கி, தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். துணிகளைத் தனித்தனியாக வெளியில், கல்லின் மேலோ கம்பியிலோ விரித்துக் காய வையுங்கள். அல்லது தண்ணீர் நிரம்பிய மூடி போட்ட டின்னில் அமுக்குங்கள். வேலை முடிந்த களைப்பில் எல்லோரும் மறப்பது இந்தத் துணியைத்தான்.

மீந்த சிம்புகளைத் தூக்கி எறியாமல் கட்டி, எந்த அறை, எத்தனை மி.மீ. என்று பென்சிலால் எழுதிப் பரணில் போடுங்கள். தரையில் வைத்த ஆறு குறிகளை அழிக்காதீர்கள். அடுத்த பிப்ரவரியில் அதே ஏ.டி.எம். அட்டையோடு மறுபடி குனிய வேண்டியிருக்கும்.